வெள்ளையை வச்சாச்சா?

மெழுகண்ணனுக்கு வெங்காயம் நறுக்க வராது. அவர் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் தடிமனுக்கு விழும். "முடியை இருபதாப் பிளந்தா எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிசா சீவுறவருன்னு ஆஸ்பத்திரியில பேரு. வீட்டுக்கு வந்தா விறகு பிளக்கறாரு" என்று மனைவி கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள். அவரும் தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். உண்மையில் அந்தக் கிண்டலில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய வேலை பெரிய மருத்துவமனையொன்றின் திசு ஆய்வகத்தில். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டைப் பதப்படுத்தி, உருக்கிய மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். பிளாக்கைப் பனிக்கட்டிமேல் வைத்துக் குளிரவிட்டு, மைக்ரோடோம் என்னும் சீவும் இயந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றுவார் மெழுகண்ணன். சுற்றச் சுற்ற மெழுகு நாடாவாக வழியும். அதை ஈரத் தூரிகையால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் போச்சு. அறைக் கதவில் அவரே எழுதி ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது: "தும்மல் வருகிறவர்கள் தும்மி முடித்துவிட்டு உள்ளே வரவும்."

பக்கத்து மேசை சாயக்காரியுடையது. மெழுகண்ணன் சீவிக் கொடுக்கும் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. வாய் ஓயாத பெண். அவர் மூச்சடக்கி நிற்கும் நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சிரிப்புக் கதை ஞாபகம் வரும்.

ஆராய்ச்சி டாக்டரம்மா வந்த பிறகுதான் அந்தச் சின்னக் குப்பி ஆய்வகத்துக்குள் வந்தது. உள்ளே சில சொட்டு ஆன்டிபாடி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், பெற்றோர் கொடுத்த செய்தியெல்லாம் ஒரு நீண்ட நூலாகச் சுற்றிக் கிடக்கிறது. வேண்டிய இடத்தில் அந்தச் சுற்றைத் தளர்த்தினால்தான் செல்லால் அதைப் படிக்க முடியும். தளர்த்திக் கொடுக்கும் புரதங்களில் ஒன்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை. ஒட்டிய இடம் பழுப்பு நிறமாகும். புரதம் இல்லாத இடம் ஆகாது. குப்பியின்மேல் பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், நோய் கண்டறிய அல்ல என்று அச்சிட்டிருந்தது.

குப்பி உண்மை பேசுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அதற்காகப் புரதம் இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு திசுவையும், இல்லை என்று தெரிந்த ஒரு திசுவையும் கூடவே வைத்துச் சாயம் ஏற்றுவார்கள். கன்ட்ரோல் என்பார்கள். இருக்கிற திசு எங்கும் கிடைக்கும். இல்லாத திசுதான் குதிரைக்கொம்பு. பழைய பிளாக்குகளை வரிசையாகச் சீவிப் பார்த்தபோது அப்படி ஒன்று அகப்பட்டது. இளவயதுப் பெண் ஒருத்தியின் சினைப்பைக் கட்டி. புற்றுச் செல்களில் ஒன்றின் உட்கருகூடப் பழுப்பாகவில்லை. ஊடே ஓடிய ரத்தக் குழாய்களின் சுவர் மட்டும் நல்ல பழுப்பு. அதாவது குப்பி வேலை செய்கிறது, கட்டியில்தான் புரதம் இல்லை. இதைவிடச் சுத்தமான கன்ட்ரோல் உலகத்தில் கிடையாது என்று டாக்டரம்மா அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பழுப்பே ஏறாததால் அந்த பிளாக்குக்கு வெள்ளை என்று பெயர் வைத்தார்கள். அன்றுமுதல் ஒவ்வொரு காலையும் சாயக்காரி மேசையிலிருந்து குரல் வரும். "அண்ணே, வெள்ளையை வச்சாச்சா?" "வச்சாச்சு, வச்சாச்சு. நீ முதல்ல வாயை மூடு, நாடா பறக்குது."

இப்படியே வருஷங்கள் போயின. டாக்டரம்மாவின் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் வெள்ளையின் படம் அச்சானது. பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த எண் மெழுகண்ணனுக்குத் தன் தொலைபேசி எண்ணைவிட நன்றாக மனப்பாடம். அது யாருடைய எண் என்று மட்டும் அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. சதை மெழுகுக்குள் போனதும் ஆள் மறைந்து எண் வந்துவிடுகிறது. அதுதான் அங்கே வழக்கம்.

சீவச் சீவ எதுவும் தேயும். ஒருநாள் புதுக் குப்பி வந்தது. புதுக் குப்பியை வெள்ளையில் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. வெள்ளையிலோ ஒரு தகடு கனம்தான் மிச்சம். வேறொருவர் கைவைத்திருந்தால் பாதி கிழிந்திருக்கும். மெழுகண்ணன் அதைக் கடைசி இழைவரைக்கும் முழுசு முழுசாகச் சீவி எடுத்துவிட்டார்.

"அண்ணே, இது சீவுனதா நக்குனதா?" என்று மெழுகைத் தாங்கியிருந்த வெறும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள் சாயக்காரி. "ஒரு பொட்டு விடலையே."

"கைவேலை" என்றார் அவர்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் வந்தாள். பிளாக் கேட்டு வருகிறவர்களுக்கென்று ஆய்வகத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அன்று அந்த ஜன்னலில் மெழுகண்ணன் இருந்தார். வந்தவள் தலையில் துணி கட்டியிருந்தாள். புருவமும் கொட்டிப்போயிருந்தது. மருந்து அப்படிச் செய்யும் என்று அவருக்குத் தெரியும். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"அம்மாவோட பிளாக் வேணுங்க. எங்க சின்ன வயசுல இங்கதான் ஆபரேஷன் பண்ணாங்க" என்று மடித்து மடித்துக் கிழிந்த பழைய காகிதத்தை நீட்டினாள்.

எண்ணைப் படித்தார். அலமாரிக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் எழுந்து போனார். வெறும் சட்டம் இருந்த தட்டின் முன்னால் நின்றார். திரும்பி வந்தார்.

"எதுக்கும்மா இப்போ?"

"எனக்கும் அதே இடத்துல வந்திருக்கு. என் கட்டியில ஏதோ ஒரு புரதம் இல்லையாம். எங்க டாக்டருங்க சந்தேகப்படறாங்க, இது வழிவழியா வர்ற வகையோன்னு. என்னை விடுங்க, என் கணக்கு முடியற கணக்கு. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு இந்த வகைன்னு ஆதாரம் இருந்தா அவ ரத்தத்தை உடனே எடுத்துப் பார்ப்பாங்களாம். அவளுக்கும் இருந்துச்சுன்னா, கட்டி வர்றதுக்கு முன்னாடியே சினைப்பையை எடுத்துடலாமாம். ஆதாரம் இல்லைன்னா என் ரத்தமும் அவ ரத்தமும் சாதாரண வரிசையிலதான். அது எப்ப வரும்னு கேட்டா, அவங்களே உதட்டைப் பிதுக்கறாங்க."

மெழுகண்ணன் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு வாங்கம்மா, தேடி வைக்கிறேன்" என்றார். அதைச் சொன்னதற்காக அவர் தன்னைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அன்று வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் மனைவி.

"ஒரு பிளாக் தீர்ந்துபோச்சு."

"அதுக்கா இழவு வீட்டு முகம்? வேற சீவுங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தம்மாவுக்கு என்ன வகைன்னு உங்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்."

"யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

"நம்பர் தெரியுமில்ல?"

நம்பர் தெரியும். பக்கத்து அறையில் பதிவேடு இருக்கிறது. போய்ப் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எழுதிக் கொடுங்க டாக்டர். அந்தம்மா கட்டியில புரதம் இல்லைன்னு ஒரு வரி."

"என்னன்னு எழுதுவேன்? ரிசர்ச் குப்பியில பார்த்தோம்னு எழுதணும். அந்தக் குப்பியிலேயே நோய் கண்டறிய அல்லன்னு போட்டிருக்கு. அது ரிப்போர்ட்டே ஆகாது. அதோட, யாரோட திசுன்னு தேடிப் போகமாட்டோம்னு நெறிமுறைக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்."

"அந்தக் குப்பியை நம்பித்தானே கட்டுரை எழுதினீங்க?"

"கட்டுரை வேற, ரிப்போர்ட் வேற."

"அந்தப் பொண்ணு வயித்துக்குள்ள அது ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்."

"எனக்குப் புரியாம இல்லை" என்றார் அவர். குரல் தழைந்திருந்தது. "சரி, நீங்க சொல்லுங்க. ஒவ்வொரு ஆராய்ச்சியிலயும் பாதி வெந்ததும் வேகாததுமா தெரியறதையெல்லாம் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு இருந்தா என்ன ஆகும்? நாளைக்கு அது தப்புன்னு ஆனா? பொண்ணுங்க வயித்தை அறுத்துப் போட்டப்புறம்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் வெள்ளை விஷயத்தில் யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லையே. சந்தேகமே இல்லாததால்தானே அதைக் கன்ட்ரோலாக வைத்தார்கள். மற்ற எல்லாவற்றின் உண்மையையும் அதை வைத்துத்தானே அளந்தார்கள். கண்டுபிடித்த ஆண்டிலேயே குழுவிடம் ஒரு விதிவிலக்குக் கேட்டிருக்கலாம். ஒழுங்கான குப்பி உள்ள வேறு ஆய்வகத்துக்கு ஒரு ஸ்லைடை அனுப்பியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெயரை மறைக்கும் விதி நோயாளியைக் காப்பாற்ற வந்தது. அது யாரைக் காப்பாற்றியது என்று பார்த்தால், கேள்வி கேட்கப்படாமல் வேலை பார்க்க விரும்பியவர்களை.

பிளாக் தீர்ந்தாலும் ஸ்லைடுகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் சாயம் ஏற்றிய கன்ட்ரோல் ஸ்லைடைத் தூக்கிப் போடுவதில்லை. பின்னறையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி. அந்தப் பெண் வந்தபோது, மெழுகண்ணன் யாரிடமும் கேட்காமல் அவளை உள்ளே அழைத்துப்போய் நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தார். அவளிடம் எதையும் மறைக்கவும் இல்லை.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "எல்லாம் நீலமா இருக்கு."

"அது கட்டி. பழுப்பாகாத இடம் அடிச்சாயத்துல நீலமா தெரியும்."

"அங்கங்க வளைவா பழுப்புக் கோடு?"

"அது உங்கம்மாவோட ரத்தக் குழாய். அது நல்ல செல். அதுல புரதம் இருக்கு."

"அப்போ அதுதான் அம்மா" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். பிறகு தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். "இதெல்லாமா?"

"எல்லாம்."

ஒரு பழைய ஸ்லைடின் தேதியைப் படித்தாள். "இந்த வருஷம் தங்கச்சிக்குக் கல்யாணம்கூட ஆகலை" என்று மட்டும் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சில ஸ்லைடுகளைப் பொதிந்து அவள் கையில் கொடுத்தனுப்பினார். வேலை போகிற குற்றம்தான். ஆனால் அவள் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக் குப்பியில் சாயம் ஏற்றியது செல்லாதாம். சாயம் ஏறாத ஒரே ஒரு துண்டு இருந்தால் தங்கள் குப்பியில் தாங்களே பார்த்து எழுதித் தருவார்களாம்.

அவள் ஜன்னலுக்கு மறுபடி வந்தாள். "ஒரு துண்டுகூடவா இல்லை?"

"இருந்துச்சும்மா. நீங்க வந்ததுக்கு முந்தின வாரம் வரைக்கும் இருந்துச்சு. புதுக் குப்பியைச் சோதிக்க நான்தான் சீவினேன். எல்லாத்துலயும் சாயம் ஏத்தியாச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "நான் முந்தின வாரமே கிளம்பினேன். வாந்தி நிக்கலை, திரும்பிப் படுத்துட்டேன்."

கொஞ்ச நாள் கழித்துத் தங்கையைக் கூட்டிவந்தாள். தங்கை கொழுகொழுவென்று, கலகலவென்று இருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. உள்ளே வரும்போதே கதவிலிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, "தும்மிட்டேன், வரலாமா?" என்றாள். குழந்தைக்கு மெழுகண்ணன் சுருட்டிய மெழுகு நாடா ஒன்றைக் கொடுத்தார். அது வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியது.

"பாரு" என்றாள் அக்கா.

தங்கை பார்த்தாள். "அக்கா, ரெண்டு கண்ணாடிச் சில்லைக் காட்டி என் வயித்தைக் கிழிச்சுக்கச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் எங்கடி நல்லா இருக்கப்போறேன்? நீயாவது இரு."

தங்கையின் சிரிப்பு நின்றது. "எனக்குப் புரியாமலா இருக்கு? ஆனா வீட்டுல என்னத்தைக் காட்டுவேன்? ரிப்போர்ட் எங்கன்னு கேட்பாரு அவரு. மாமியார், ஆத்தாக்காரி விதி மூத்தவளோட போகட்டும், நீ ஏன் இழுத்துப் போட்டுக்கறேன்னு கேட்கறாங்க. இன்னொரு பிள்ளை வேணும்னு வேற இருக்காங்க. வரிசையில பேரைக் கொடுத்திருக்கேன். வரட்டும்."

விதி. எவ்வளவு சௌகரியமான சொல். அதைச் சொல்லிவிட்டால் யாரும் எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்ட வேண்டாம். மாமியார் சொன்னால் மூடத்தனம் என்கிறோம். ஆய்வகத்தில் அதையே நடைமுறை என்ற பெயரில் சொல்லும்போது தலையாட்டுகிறோம். தாயின் உடம்பில் என்ன இல்லை என்பது கண்ணாடியில், தேதி போட்டு, பின்னறை நிறைய அடுக்கியிருந்தது. மறைபொருள் எதுவும் அதில் இல்லை. மனிதர் கண்டுபிடித்தது, மனிதர் சொல்லாமல் விட்டது.

மெழுகண்ணன் மட்டும் சும்மா இருக்கவில்லை. வெள்ளையின் முடிவை அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தரும்படி நெறிமுறைக் குழுவுக்குத் தன் பெயரிலேயே எழுதிப் போட்டார். ஸ்லைடுகளை அனுமதியின்றி வெளியே கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அவருக்கே பதில் வந்தது. டாக்டரம்மா குறுக்கே வந்து வேலையைக் காப்பாற்றினார். ஆனால் அந்தக் கடிதம் குழுவைத் தாண்டி எங்கும் போகவில்லை.

மழைக்காலம் வருமுன் அக்கா இறந்துபோனாள். தங்கை அழைத்துச் சொன்னாள். வரிசையில் தன் முறை இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னாள்.

முறை வந்ததா, இல்லையா என்று அவருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு ஒரு காலையில் அறுவை அரங்கிலிருந்து வந்த ஜாடிகளில் ஒன்றின் சீட்டைப் படித்தார். சினைப்பை. வயது பொருந்தியது. கூட அனுப்பிய விவரத்தில், தாயும் தமக்கையும் இதே நோயில் இறந்தவர்கள் என்று ஒரு வரி இருந்தது. இப்போது எழுதியிருந்தார்கள். இப்போது எழுதுவதில் யாருக்கும் தடை இருக்கவில்லை.

அவரேதான் சீவினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. நாடா ஒழுங்காகத்தான் வழிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீரில் விட்டார். சாயக்காரி சாயம் ஏற்றினாள். அன்று அவள் ஒரு கதையும் சொல்லவில்லை. கட்டி முழுக்க நீலம். ஊடே வளைந்த பழுப்புக் கோடுகள்.

ரிப்போர்ட் போனது. அதற்குள் ஆய்வகத்தில் நோய் கண்டறியும் ஒழுங்கான குப்பியும் வாங்கியிருந்தார்கள். ஆகவே இந்த முறை எல்லாம் செல்லும். தங்கைக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அக்காவுக்கு ஏற்றிய அதே மருந்து.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா அவர் மேசையருகே வந்து நின்றார். "நமக்கு கன்ட்ரோல் இல்லாம ரொம்ப நாளா ஆராய்ச்சி நிக்குது."

"தெரியும் டாக்டர்."

"இதைவிட்டா வேற கிடைக்காது. அவங்க சம்மதக் கையெழுத்தும் போட்டிருக்காங்க."

"அவங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கு டாக்டர்."

"அது ரிப்போர்ட்லயே எழுதியாச்சு. அந்தக் குழந்தை பெரியவளானதும் பார்க்கணும்னு."

"ரிப்போர்ட் யார் வீட்டுல இருக்கும்? அந்த மாமியார் வீட்டுலயா?"

ஆனால் அந்த பிளாக் கன்ட்ரோல் அலமாரிக்குப் போனது. மறுநாள் காலை, பழக்க தோஷத்தில், சாயக்காரியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "அண்ணே, வெள்ளையை..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்று மாலை மெழுகண்ணன் அந்த பிளாக்கை எடுத்து, நோயாளிகளின் அலமாரியில் அதன் எண்ணுக்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். காலையில் வந்தால் அது மீண்டும் கன்ட்ரோல் அலமாரியில் இருந்தது. மாலையில் மறுபடி மாற்றினார். காலையில் மறுபடி அங்கே. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டபோதெல்லாம் சீவிக் கொடுக்கத்தான் செய்தார். மறுத்தால் இன்னொரு கை சீவும், அந்தக் கை கனமாகச் சீவும். தன் கை என்றால் மெல்லிசாக எடுக்கும், கொஞ்சம் கூடுதல் நாள் வரும். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

"ஓய்வு வாங்கறப்போ அந்தக் குழந்தைக்குன்னு பாதியாவது மிச்சம் வச்சுட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"வைப்பேன்."

"அப்புறம் வர்றவன்?"

மெழுகண்ணன் வெங்காயத்தையும் கத்தியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் பிடுங்கவில்லை. கட்டைவிரல் தடிமனில் ஒரு துண்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.